ஊசி பதினான்கில், நோய் ஐம்பதில்: எச்.பி.வி. தடுப்பூசியை நெல்லைப் பெற்றோர் எப்படி எடைபோடுவது?

ஒன்பதாம் வகுப்பு மாணவியின் பையிலிருந்து ஓர் ஒப்புதல் படிவம் வெளியே வருகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி என்று தலைப்பு; அடியில் பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு. அதன் பிறகு வீட்டில் நடப்பதை நெல்லைச் சீமையில் யாரும் ஊகித்துவிடலாம். அப்பாவுக்குப் பேசக் கூச்சம். அம்மாவுக்குக் குழப்பம். சடங்கு கழிந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைக்குக் கருப்பைக்கு என்ன ஊசி என்று ஆச்சி கேட்கிறார். சென்னையில் இருக்கும் சித்தி போடச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவு போடாதே என்கிறது. படிவம் நிரப்பப்படாமல் தொலைக்காட்சிப் பெட்டிமேல் கிடக்கிறது.

இந்தத் தடுப்பூசி திடீரென்று பேச்சுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் இடைக்கால நிதிநிலை அறிக்கை, 9 முதல் 14 வயது வரையிலான சிறுமியருக்கு இதை ஊக்குவிக்கப் போவதாக அறிவித்தது. 2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கை, 14 வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாகப் போடுவதற்கென 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. தொட்டில் குழந்தைக்குப் போடும் ஊசிகள் நமக்குப் பழகிவிட்டன. வளர்ந்த பிள்ளைக்கு, வீட்டில் பெயர் சொல்லிப் பேசாத ஓர் உறுப்பில் வரும் நோய்க்கு ஊசி என்பது பழகவில்லை. கேள்விகள் எழுவது இயல்பு. அவற்றுக்கு ஒழுங்கான பதில்கள் இருக்கின்றன.

எச்.பி.வி. என்பது என்ன?

மனித பாப்பிலோமா வைரஸ் என்பதன் சுருக்கம் எச்.பி.வி. இது ஒரே கிருமி அன்று, 200க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட ஒரு குடும்பம். அவற்றில் சில நமக்கு நன்றாகத் தெரிந்தவை. கையிலும் காலிலும் வரும் மரு இந்தக் குடும்பத்து வேலைதான். மருவுக்காகக் கோவிலில் உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். சில மாதங்களில் மரு உதிர்ந்தும்விடும். உடலின் எதிர்ப்பாற்றல் வைரஸை அடையாளம் கண்டு துரத்திவிடுவதால்தான் பெரும்பாலான மருக்கள் தாமாகவே உதிர்கின்றன. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்து வரும் பாதி விஷயங்கள் எளிதில் விளங்கும்.

கையில் மரு வரவைக்கும் வகைகள் புற்றுநோயை உண்டாக்குபவை அல்ல. பிறப்புறுப்புப் பகுதியின் மென்மையான தோலில் தங்கும் வகைகள் வேறு. அவற்றிலும் 6, 11 ஆகிய எண்கள் கொண்டவை அந்த இடத்தில் மருவை மட்டுமே உண்டாக்கும். ஒரு டஜனுக்குச் சற்றுக் கூடுதலானவை புற்றுநோய் அபாயம் உள்ளவை. அவற்றுள் தலையானவை 16, 18. கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் உலக அளவில் 70 சதவீதம், இந்தியாவில் 80 சதவீதத்தை ஒட்டி, இந்த இரண்டு வகைகளால் வருகின்றன.

கருப்பை வாய் என்பது கருப்பையின் கீழ் நுனி, அது பிறப்புப் பாதையில் திறக்கும் இடம். அங்கே இரண்டு விதமான தோல் அணுக்கள் (செல்கள்) சந்திக்கும் ஒரு வளையம் இருக்கிறது. அந்தச் சந்திப்பு வளையத்தைத்தான் வைரஸ் நாடுகிறது. பருவமடைந்த காலத்தில் அந்த வளையத்தில் மாற்றங்கள் வேகமாக நடக்கும். அந்த வயதில் தொற்று எளிதில் ஒட்டிக்கொள்ளவும் அதுவே ஒரு காரணம்.

இந்த வைரஸுக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசென். 1983இல் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் புற்றுக்கட்டிகளிலேயே அவரது குழு கண்டெடுத்தது. 2008இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

தொற்று புற்றாவது எப்படி?

தொற்று வேறு, புற்றுநோய் வேறு. நம் பக்கத்து அச்சங்களில் பெரும்பகுதி இவ்விரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது. நடப்பது படிப்படியானது:

1. தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக வைரஸ் அடியணுக்களுக்குள் புகுகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, எந்த அறிகுறியும் இல்லை.

2. பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளில் உடலே அதைத் துடைத்தெறிந்துவிடுகிறது, மரு உதிர்வதைப் போல. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

3. எஞ்சிய சிலருக்கு அது அங்கேயே குடியேறிவிடுகிறது. இதை நீடித்த தொற்று என்கிறார்கள். கவலைக்குரியது இந்தக் கட்டம்தான்.

4. நீடித்த வைரஸ் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்களை உற்பத்தி செய்கிறது. அணு தாறுமாறாகப் பெருகாமல் தடுக்க நம் உடல் வைத்திருக்கும் இரண்டு காவல் புரதங்களை அவை செயலிழக்கச் செய்கின்றன. காவல் போனபின் அணுக்கள் கணக்கின்றிப் பெருகத் தொடங்குகின்றன.

5. முதலில் இது புற்றுக்கு முந்தைய மாற்றமாக இருக்கிறது. கண்டுபிடித்தால் ஒரே அமர்வில் அகற்றிவிடலாம். விட்டுவிட்டால் புற்றாகிறது. தொற்றிலிருந்து புற்று வரை பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கும். புகைப்பழக்கமும் அபாயத்தைக் கூட்டும்.

இந்த நீண்ட கால அளவுதான் நோயின் கொடுமையும், நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பும். இருபதுகளில் ஒட்டிய வைரஸ் பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இரத்தப்போக்காக வெளிப்படுகிறது. அதற்குள் நோய் முற்றியிருக்கும். 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த, தடுக்க முடிகிற, முன்கூட்டியே பிடிக்க முடிகிற ஒரு நோய்க்கு இத்தனை உயிர்களைக் கொடுக்கிறோம் என்பதை எத்தனை முறை எழுதினாலும் மனம் ஆறவில்லை.

'எங்கள் பிள்ளைக்கு இது எதற்கு?'

வெளியில் யாரும் உரக்கக் கேட்காத, ஆனால் படிவத்தை நிரப்பாமலேயே கிடக்க வைக்கிற கேள்வி இது. உடலுறவு வழியாகப் பரவும் வைரஸ் என்று கேட்டவுடன், ஊசி போடச் சம்மதித்தால் மகளின் நடத்தையைப் பற்றி நாமே ஐயம் கொண்டதாகிவிடுமோ என்று பெற்றோர் மருள்கிறார்கள்.

இதற்கு நேரடியாகவே பதில் சொல்ல வேண்டும். எச்.பி.வி. மிகச் சாதாரணமான தொற்று. தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கும் ஆண் பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது வந்து போகிறது. ஆணுக்கு அறிகுறியே இல்லாமல் இருக்கும். தன்னிடம் இருப்பது அவருக்கே தெரியாது. தோலோடு தோல் உரசுவதாலேயே பரவுவதால் ஆணுறையும் முழுப் பாதுகாப்புத் தராது. அப்படியானால், திருமணம் வரை காத்திருந்து, ஒரே கணவரோடு ஆயுள் முழுவதும் வாழும் பெண்ணுக்கும் இது வரலாம். அவளுக்கு வருமா என்பதை அவள் நடத்தை தீர்மானிப்பதில்லை. நம் மருத்துவமனைகளில் இந்தப் புற்றோடு வரும் தாய்மார்களில் பலர் அப்படி ஒரே மனிதரோடு வாழ்ந்தவர்களே. அவர்கள்மீது ஊர் போடும் பழி, நோயைவிட முன்பே அவர்களைக் கொல்கிறது; அந்தப் பழிக்கு அஞ்சியே வெள்ளைப்படுதலையும் இரத்தக்கறையையும் வருடக்கணக்கில் மறைக்கிறார்கள்.

ஊசி போட்டால் பிள்ளைகளின் போக்கு மாறிவிடும் என்ற அச்சமும் சில நாடுகளில் எழுந்தது. ஊசி போட்ட பெண்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் அப்படி ஒரு மாற்றத்தையும் காணவில்லை. டெட்டனஸ் ஊசி போட்டதால் யாரும் துருப்பிடித்த ஆணியைத் தேடிப் போனதில்லை.

ஊசிக்குள் இருப்பது என்ன?

1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசர், ஜியான் சூ ஆகிய இருவரும் ஒரு வழியைக் கண்டார்கள். வைரஸின் மேலோட்டைக் கட்டும் எல்1 என்ற புரதத்தை மட்டும் தனியே உருவாக்கினால், அது தானாகவே ஒன்று கூடி வைரஸ் போன்ற உருண்டையாக நிற்கிறது. பார்க்க வைரஸ், உள்ளே மரபுப்பொருள் எதுவும் இல்லை. வெறும் கூடு. தொற்றவோ, பெருகவோ, புற்றை உண்டாக்கவோ அதற்குச் சக்தி கிடையாது.

இந்தக் கூடுகளைக் கார்டசில், செர்வாவேக் என்ற பெயர்களில் வரும் எச்.பி.வி. ஊசிகளில் ஈஸ்ட் நுண்ணுயிரைக் கொண்டு தயாரிக்கிறார்கள். எதிர்ப்பாற்றலைத் தூண்டச் சிறிதளவு அலுமினிய உப்பு சேர்க்கப்படுகிறது. இது குழந்தைகளுக்கான வேறு பல ஊசிகளிலும் நெடுங்காலமாக இருப்பதுதான். விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறதா என்று மார்க்க அடிப்படையில் கேட்பவர்கள் உண்டு. கார்டசிலில் இல்லை.

கூட்டைப் பார்த்த உடல் எதிர்ப்புப் புரதங்களைத் தயார் செய்து வைக்கிறது. பின்னாளில் உண்மையான வைரஸ் வந்தால் அது அணுவுக்குள் நுழையும் முன்பே வாசலில் மடக்கப்படுகிறது. நுழைந்துவிட்ட வைரஸை இந்த ஊசியால் வெளியேற்ற முடியாது.

ஏன் இத்தனை இளம் வயதில்?

மேலே சொன்ன கடைசி வரியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவத்துக்கு நெல் விதைக்கும் விவசாயி விதை நேர்த்தி செய்துதான் நாற்றங்காலில் தூவுகிறார். பயிர் வளர்ந்து நோய் கண்டபின் விதை நேர்த்தி மருந்தைக் கொண்டுபோய் வயலில் ஊற்றிப் பயனில்லை. அதன் வேலை விதைப்புக்கு முன்னால் முடிந்துவிடுகிறது. எச்.பி.வி. தடுப்பூசியும் அப்படியே. வைரஸைச் சந்திப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே போட்டால்தான் முழுப் பலன்.

சுவீடனில் 10 முதல் 30 வயது வரையிலான 16 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2020இல் வெளியானது. 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களிடம் கருப்பை வாய்ப் புற்று 88 சதவீதம் குறைந்திருந்தது. 17 வயதுக்குப் பின் போட்டவர்களிடம் 53 சதவீதம் மட்டுமே. ஊசி ஒன்றுதான், வயதுதான் வேறு. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி வழங்கப்பட்ட தலைமுறையில் 87 சதவீதக் குறைவு என்று 2021இல் தெரியவந்தது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட ஊடுருவிய கருப்பை வாய்ப் புற்று பதிவாகவில்லை என்று 2024 தொடக்கத்தில் வெளியான ஆய்வு சொன்னது.

இன்னொரு காரணமும் உண்டு. 9 முதல் 14 வயது வரையிலான உடல், ஊசிக்கு மிக வலுவாக எதிர்வினை காட்டுகிறது. அதனால்தான் இந்த வயதில் குறைந்த டோஸ்கள் போதுமானவையாக இருக்கின்றன. கல்லூரியில் படிக்கும் திருமணமாகாத மகளுக்கு இனிப் பயனில்லையா என்றால், உண்டு. 26 வயது வரை போட்டுக்கொள்ளலாம். டோஸ்களின் எண்ணிக்கை கூடலாம், மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

ஒரு டோஸா, இரண்டா? பதில் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்தும் வந்தது

பெற்றோர் கேட்கும் தொழில்நுட்பக் கேள்விகளில் இது முக்கியமானது, ஏனென்றால் ஓரிடத்தில் ஒன்று போதும் என்கிறார்கள், இன்னோரிடத்தில் இரண்டு என்கிறார்கள். இதன் வரலாறு இந்தியாவுடையது.

2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்தியாவின் ஒன்பது மையங்களில் 10 முதல் 18 வயது வரையிலான திருமணமாகாத பெண்களிடம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அந்த மையங்களுள் ஒன்று திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள சமூக நல மருத்துவமனை. மூன்று டோஸ் தேவையா, இரண்டே போதுமா என்பதுதான் கேள்வி. 2010 ஏப்ரலில், வேறொரு திட்டத்தில் எழுந்த சர்ச்சையால் (அதைப் பின்னால் பார்ப்போம்), அரசு எல்லா எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளையும் நிறுத்தியது. அதற்குள் சுமார் 17,700 பெண்களுக்கு ஊசி போடப்பட்டிருந்தது. அவர்களில் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் முதல் டோஸோடு நின்றுபோனார்கள்.

ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பத்தாண்டு முடிவுகள் 2021இல் வந்தபோது, ஒரே டோஸ் பெற்றவர்களுக்கும் 16, 18 வகைகளின் நீடித்த தொற்றிலிருந்து 95 சதவீதப் பாதுகாப்பு இருந்தது. இரண்டு, மூன்று டோஸ் பெற்றவர்களுக்குச் சமமாக. கென்யாவில் நடந்த ஆய்வும் இதையே காட்டியது. இவற்றை வைத்தே 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸ் அல்லது இரண்டு டோஸ், இரண்டில் எதுவும் ஏற்கத்தக்கது என்று அறிவித்தது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஒரு டோஸ் சான்றுகள் கார்டசில், செர்வாரிக்ஸ் போன்ற முந்தைய ஊசிகளைக் கொண்டு திரட்டப்பட்டவை. இந்தியத் தயாரிப்பான செர்வாவேக்குக்கு 9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் என்றே உரிமம் வழங்கப்பட்டது. ஆகவே டோஸ் பற்றிய கேள்வியை ஊசியின் பெயரோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

பத்ராசலத்தில் என்ன நடந்தது?

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'ஊசியால் சிறுமிகள் இறந்தார்கள்' என்ற செய்தியின் வேர் இது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் (பத்ராசலம் அப்போது அதில்தான் இருந்தது) குஜராத்தின் வதோதராவிலும் ஒரு தன்னார்வ அமைப்பின் செயல்விளக்கத் திட்டத்தில் சிறுமியருக்கு ஊசி போடப்பட்டது. பின்னர் ஏழு சிறுமியர் இறந்ததாகச் செய்தி வந்தது. விசாரணையில், நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, மலேரியா முதலிய காரணங்கள் தெரியவந்தன. ஊசிக்கும் சாவுகளுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

ஆனால் இந்த விவகாரத்தை இத்தோடு மூடிவிடுவது நேர்மையாகாது. பழங்குடிச் சிறுமியர் தங்கியிருந்த விடுதிகளில் பெற்றோருக்குப் பதிலாக வார்டன்கள் ஒப்புதலில் கையெழுத்திட்டிருந்தார்கள். பெற்றோரிடம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டித்தது சரி. ஊசி கொல்லவில்லை என்பதும் உண்மை, ஏழைகளின் சம்மதம் மதிக்கப்படவில்லை என்பதும் உண்மை. இரண்டாவதை மறைத்துக்கொண்டு முதலாவதை மட்டும் சொல்பவர்களால்தான் மக்களுக்கு நம்பிக்கை குறைகிறது. நம் ஊர்ப் பள்ளியில் படிவம் கொடுத்தால், அதில் உள்ளதைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்பவரைத் தடுப்பூசிக்கு எதிரி என்று யாரும் முத்திரை குத்தக் கூடாது.

பக்க விளைவுகளும் வதந்திகளும்

உண்மையில் வருபவை: ஊசி போட்ட கையில் வலி, வீக்கம், சிலருக்கு லேசான காய்ச்சல், தலைவலி. ஒன்றிரண்டு நாளில் தீரும். பதின்ம வயதுப் பெண்கள் சிலர் ஊசி போட்டதும் மயங்கி விழுவதுண்டு. இது மருந்தால் வருவதன்று, பயத்தாலும் பதற்றத்தாலும் வருவது. அதற்காகவே ஊசிக்குப் பின் சிறிது நேரம் உட்கார வைக்கிறார்கள். கடும் ஒவ்வாமை மிக அரிது. பத்து லட்சம் டோஸ்களுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில். 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு ஆய்வு செய்தபோதே 27 கோடி டோஸ்கள் வினியோகிக்கப்பட்டிருந்தன.

குழந்தை பிறக்காமல் போகும் என்பது இதே ஊசிக்கு மட்டுமல்ல, நம் மாநிலத்தில் ஏறத்தாழ எல்லா ஊசிக்கும் கட்டப்பட்ட கதை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா முகாம் நடந்தபோதும் இது போன்ற பதிவுகள் பரவிப் பெற்றோர் பின்வாங்கினார்கள்; முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. எச்.பி.வி. ஊசிக்கும் மலட்டுத்தன்மைக்கும் தொடர்பு இல்லை. உண்மை நேர்மாறானது. கருப்பை வாயில் புற்று வந்தால் கருப்பையையே எடுக்க நேரிடலாம், அல்லது கதிர்வீச்சு கொடுக்க நேரிடலாம். தாய்மையைப் பறிப்பது அந்த நோய்.

வதந்தி ஒரு நாட்டையே என்ன செய்யும் என்பதற்கு ஜப்பான் சான்று. ஊசிக்குப் பின் உடல்வலியும் நடக்க முடியாமையும் வந்ததாகத் தொலைக்காட்சிகள் காட்டியதும், 2013 ஜூனில் அரசு பரிந்துரையை நிறுத்தி வைத்தது. 70 சதவீதமாக இருந்த ஊசி விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. நகோயா நகரில் கிட்டத்தட்ட 30 ஆயிரம் இளம்பெண்களிடம் 24 அறிகுறிகளைப் பற்றிக் கேட்டறிந்து ஒப்பிட்டார்கள். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. பரிந்துரை முழுமையாகத் திரும்ப 2022 ஆயிற்று. இடையில் ஊசி போடாமலேயே வளர்ந்துவிட்ட பெண்களுக்கு அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது.

யாருக்குப் போடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். முந்தைய டோஸில் கடும் ஒவ்வாமை வந்தவர்கள், ஈஸ்டுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் பேறு முடியும் வரை தள்ளிப்போட வேண்டும். கடும் காய்ச்சல் இருந்தால் குணமான பிறகு. மாதவிலக்கு நாளாக இருப்பது தடையே அல்ல.

எந்த ஊசி?

செர்வாவேக், கார்டசில் ஆகிய இரண்டும் 6, 11, 16, 18 என நான்கு வகைகளைத் தடுக்கும். செர்வாவேக் புனேயின் சீரம் நிறுவனத் தயாரிப்பு. 2022இல் உரிமம் பெற்று, 2023 ஜனவரியில் அறிமுகமானது. கார்டசில் 9 என்பது ஒன்பது வகைகளைத் தடுக்கும். விலை பல மடங்கு அதிகம். கூடுதல் வகைகள் என்பது உண்மைதான். ஆனாலும் நம் நாட்டில் பெரும்பகுதிப் புற்றுக்குக் காரணமான 16, 18 மூன்றிலும் இருக்கின்றன. விலை உயர்ந்ததற்குப் பணம் சேரட்டும் என்று இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடுவதைவிட, கைக்கெட்டியதைக் காலத்தில் போடுவது மேல். ஆண் பிள்ளைகளுக்கும் ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் போடுகின்றன. தொண்டை, ஆண்குறிப் புற்றுகளிலும் இந்த வைரஸுக்குப் பங்குண்டு. வீட்டில் பணம் ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் மகளுக்கு.

மகளுக்கு ஊசி, அம்மாவுக்கு?

படிவத்தை நிரப்பிக் கொடுப்பவர் பெரும்பாலும் தாய். அவருக்கு வயது 35 இருக்கலாம், 45 இருக்கலாம். ஊசியின் காலம் அவருக்குக் கடந்துவிட்டது. நோயின் காலம் அவருக்கு முன்னால் இருக்கிறது. இந்தத் தடுப்பூசிப் பேச்சில் காணாமற்போகிறவர் இவர்தான்.

அவருக்கான பாதுகாப்பு பரிசோதனை. 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்பது இந்திய அரசின் வழிகாட்டுதல். எளிய முறையில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்றதை, பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவுகிறார்கள். ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறிய அணுக்கள் இருக்கும் இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். சில நிமிட வேலை. திட்டு தெரிந்தால் புற்று என்று பொருளல்ல. மேற்கொண்டு பார்த்து, தேவைப்பட்டால் குளிரால் உறையவைத்தோ சூட்டாலோ அந்த இடத்தை அகற்றிவிடுவார்கள். அணுக்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது பாப் ஸ்மியர். வைரஸின் டி.என்.ஏ.வையே தேடும் பரிசோதனை இன்னும் நம்பகமானது.

இது நம் மண்ணிலேயே நிரூபிக்கப்பட்ட வழி. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்த அசிட்டிக் அமிலப் பரிசோதனையைச் செய்தார்கள். 2007இல் வெளியான முடிவு: பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. பெரிய எந்திரம் இல்லை, பெரிய டாக்டர் இல்லை. செவிலியரும் பஞ்சும் விளக்கும்.

இருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. நாடு முழுவதும் பார்த்தால் இரண்டு சதவீதம்கூட இல்லை என்பதால் நாம் முன்னணி மாநிலம். முன்னணியே இவ்வளவுதான்.

ஏன் போவதில்லை என்பது அவர்களைக் குறை சொல்லத் தோன்றாத கதை. முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் அன்றைய ஆயிரம் பீடிக் கூலி போயிற்று. களக்காட்டு வாழைத்தோட்ட வேலைக்கும் அதே கணக்கு. வலி இல்லாதபோது ஏன் போக வேண்டும், மறைவிடத்தை யாரிடம் காட்டுவது, பக்கத்து வீட்டு மைனி பார்த்தால் என்ன சொல்வார் என்று அடுக்கடுக்காகத் தடைகள். ஆகவே ஊருக்கு அருகில், பெண் செவிலியரிடம், கூட்டாகப் போய்வருவது உதவும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் ஒரு நாள் குறித்துச் சேர்ந்து போனால் கூச்சத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள் மூன்று:

1. உடலுறவுக்குப் பின் இரத்தம் படுவது.
2. தீட்டு நின்று ஓராண்டுக்கு மேல் ஆனபின் மறுபடி இரத்தம் காண்பது. 'மறுபடி வந்துவிட்டது' என்று இதை அலட்சியப்படுத்தக் கூடாது.
3. துர்நாற்றத்தோடு, இரத்தம் கலந்து வெள்ளைப்படுதல்.

இவற்றில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவிலோ காட்டலாம். ஊசி போட்ட மகளும் 30 வயதானபின் பரிசோதனையை விட முடியாது. ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை.

படிவத்தில் கையெழுத்திடும் முன்

கிராம சுகாதார செவிலியரிடமோ பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

1. ஊசியின் பெயர் என்ன, எத்தனை டோஸ், அடுத்தது எப்போது?
2. பிள்ளைக்கு ஏற்கெனவே ஒவ்வாமை, வலிப்பு, வேறு மருந்து எடுத்துக்கொள்வது உண்டென்றால், முன்கூட்டியே சொல்ல வேண்டியது யாரிடம்?
3. போட்டபின் எவ்வளவு நேரம் உட்கார வைப்பார்கள், வீட்டுக்கு வந்தபின் ஏதாவது என்றால் எந்த எண்ணை அழைப்பது?

மகளிடமும் பேசுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளை எதற்கு இந்த ஊசி என்று அறியாமல் கையை நீட்டக் கூடாது. பின்னாளில் ஒரு புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி, இந்த வயதில் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும் என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். மீதியை அவள் கேட்கும்போது சொல்லலாம்.

அன்று காலை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். கை தளர்வாக மடிக்கக்கூடிய சட்டை போட்டுவிடுங்கள். ஊசி முடிந்ததும் தரும் அட்டையில் ஊசியின் பெயரும் தேதியும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, குடும்ப அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைத்திருக்கும் பையிலேயே வையுங்கள். அவள் முப்பது வயதில் வேறு ஏதோ ஓர் ஊரில் முதல் பரிசோதனைக்குப் போகும்போது, சிறுவயதில் எச்.பி.வி. ஊசி போட்டீர்களா என்று அங்கே கேட்பார்கள்.